மேலே பனி, கீழே விரிசல்

தில்லித் தமிழர்களுக்கு விடுமுறை என்றால் ஒரே அர்த்தம்தான்: ஊருக்குப் போவது. மே மாதம் பள்ளி மூடியதும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ ஏறிவிட வேண்டும். நாக்பூர் வருவதற்குள் புளியோதரை தீர்ந்துவிடும். விஜயவாடா தாண்டியதும் குழந்தைகளின் சண்டையும் ஓய்ந்துவிடும். எங்கள் வீட்டிலும் பல வருடங்கள் இப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் அம்மாவின் வீடு இருந்தது. வேறெங்காவது போகலாமே என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்பா காலமான பிறகு அந்த வீட்டை விற்றோம். அம்மா தில்லிக்கு வந்து எங்களுடன் இருக்கத் தொடங்கினார். முதல் முறையாக எங்களுக்கு 'எங்கே போகலாம்?' என்ற கேள்வி எழுந்தது. சுதந்திரம் என்று என் கணவர் சொன்னார். அம்மா பதில் பேசவில்லை.

பனிச்சறுக்கு என்ற யோசனை என் மகளுடையது. 2022ல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர் ஒரே ஒருவர் - காஷ்மீரின் ஆரிஃப் கான். தொடக்க விழாவில் அவர் கொடியேந்தி வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து பதின்மூன்று வயது மகளுக்கு அதே நினைப்பு. மணாலிப் பக்கத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர் 2018ல் துருக்கியில் வெண்கலம் வென்று, சர்வதேசப் பனிச்சறுக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனதும் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது வயது மகனுக்கு இந்த விவரங்களெல்லாம் தேவைப்படவில்லை. விழுந்து புரளலாம் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் பனிச்சறுக்கு என்றதும் முதலில் வரும் பெயர் குல்மார்க். வெள்ளைக்கார அதிகாரிகள் 1927லேயே அங்கே சங்கம் அமைத்துச் சறுக்கியிருக்கிறார்கள். இன்று ரோப் காரில் ஏறினால் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் அம்மா வரைபடத்தில் வேறோர் இடத்தைக் காட்டினார். உத்தராகண்டில் இருக்கும் ஆலி. காரணம் ஆலி அல்ல, அதற்குக் கீழே இருக்கும் ஜோஷிமட். 108 திவ்ய தேசங்களில் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று பெரும்பாலோர் கருதுவது இந்த ஊரைத்தான். "குழந்தைகள் மேலே சறுக்கட்டும். நான் கீழே பெருமாளைச் சேவிச்சுண்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார். எழுபத்தியோரு வயதில், முழங்கால் வலியோடு, இமயமலைக்கு, பிப்ரவரியில்!

பயணத்தைத் தொடங்கும் முன் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. பள்ளித் தேர்வுகளுக்குச் சில வாரங்களே இருந்தன என்பது சின்ன ஆட்சேபம். பெரிய ஆட்சேபம் வேறு. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரமே மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியதைச் செய்திகளில் எல்லோரும் பார்த்தோம். 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். குடும்பங்கள் கடுங்குளிரில் முகாம்களுக்குப் போயின. 2022 டிசம்பர் 27லிருந்து 12 நாட்களில் தரை 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருப்பதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஒன்றன் மேல் ஒன்றாகச் சாயத் தொடங்கிய இரண்டு ஹோட்டல்களை இடிக்க வேண்டியதாயிற்று. "வீடு இடிந்து நிற்கிறவர்கள் மத்தியில் போய் விளையாடுவதா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. 2024 பிப்ரவரியில் கிளம்பினோம், அந்தக் கேள்வியையும் தூக்கிக்கொண்டு.

ரிஷிகேஷில் ஓர் இரவு தங்கி மறுநாள் விடியலில் மலையேறினோம். ஜோஷிமட்டுக்கு அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். சமவெளியில் நாலு மணி நேரம்; மலையில் ஒரு முழு நாள். பகீரதியும் அலகநந்தாவும் கலந்து கங்கை என்ற பெயர் பெறும் தேவப்ரயாகையில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அம்மா. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுதான். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி, ரகுநாதர் கோயிலைச் சேவித்துவிட்டு வந்தார். குழந்தைகள் அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார்கள். ருத்ரப்ரயாகை, கர்ணப்ரயாகை, நந்தப்ரயாகை என்று ஆறுகள் கூடும் இடங்களை எண்ணிக்கொண்டே மாலையில் ஜோஷிமட்டை அடைந்தோம்.

சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவில் அடுக்கடுக்காக அமைந்த நகரம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 16,700 பேர். பத்ரிநாத்துக்குப் போகிறவர்கள், ஹேமகுண்ட் போகிற சீக்கியர்கள், எல்லைக்குப் போகிற ராணுவம், ஆலிக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் என எல்லோருக்கும் இதுதான் வாசல். ஆதிசங்கரர் நிறுவிய ஜோதிர்மடத்தால் வந்த பெயர் இது. 2024ல் அரசாங்கமும் ஜோதிர்மட் என்றே மாற்றிவிட்டது. ஊரில் நுழைந்ததும் கடைத்தெரு வழக்கம்போல இருந்தது. பக்கோடா பொரிந்துகொண்டிருந்தது. ஆனால் சந்துகளுக்குள் போனால் சில வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெருக்கல் குறி. வசிக்க லாயக்கில்லை என்று அதிகாரிகள் போட்ட அடையாளம். அதில் ஒரு வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இங்கிருந்து ஆலிக்குப் போக 1990களிலிருந்து ஒரு ரோப்வே உண்டு. சுமார் 4 கிலோமீட்டர் தூரம். ஆசியாவின் நீளமான ரோப்வேக்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள். 2023 ஜனவரியில் தரை இறங்கியபோது அதையும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போனபோதும் கம்பி மட்டும் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சக்கரங்களில் சங்கிலி கட்டிய ஜீப்பில்தான் ஏறினோம்.

ஆலி உண்மையில் ஒரு புல்வெளிச் சரிவு. கோடையில் ஆடு மாடு மேயும் இடம். சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டருக்குச் சற்று மேல் வரை ஏறுகிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை தன் வீரர்களுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுப்பது இங்கேதான். எதிரே நந்தாதேவி, 7,816 மீட்டர். காலை ஏழு மணிக்கு அதன் மேல் வெயில் விழும்போது யாருமே பேசுவதில்லை. எங்கள் பையன்கூட.

பனிச்சறுக்கு என்றால் பறப்பது என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் நாள் ஏமாற்றம் காத்திருக்கிறது. அரை மணி நேரம் பூட்ஸ் மாட்டுவதிலேயே போகிறது. கணுக்காலை அசைய விடாத கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸ் அது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் சிமென்ட் சட்டியில் காலை விட்டதுபோல் இருக்கும். பிறகு பலகைகள். விழும்போது கால் முறியாமல் இருக்க, அழுத்தம் அதிகமானால் பலகை தானாகக் கழன்றுகொள்ளும்படி ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர் முதலில் கற்றுக்கொடுத்தது விழுவதற்கு: பக்கவாட்டில் உட்காருவதுபோல் விழ வேண்டும், முன்னால் கையை ஊன்றக் கூடாது. அடுத்து எழுவதற்கு: பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டால்தான் எழ முடியும். கீழ்நோக்கி வைத்தால் எழுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறையும். கலப்பை மண்ணைத் தள்ளுவதுபோல் அது பனியைத் தள்ளுகிறது.

மகன் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டான். குழந்தைகள் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்; பயமும் இல்லை. மகள் யோசித்து யோசித்து விழுந்தாள். என் கணவர் நிதானமாக, வங்கிக் கணக்குப் பார்ப்பதுபோல் சறுக்கினார். இரண்டாம் நாள் நான் இருபது மீட்டர் விழாமல் வந்தேன். அந்த இருபது மீட்டரின் சந்தோஷத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வயதில் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்பதையே நான் மறந்திருந்தேன். பனியில் பட்டுத் திரும்பும் வெயிலில் நால்வர் முகமும் கறுத்துப்போயிற்று. மூன்று நாள் பயிற்சி, வாடகைச் சாமான்கள், தங்கும் இடம், வண்டி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நாங்கள் ஐந்து பேரும் ஏசி பெட்டியில் ஸ்ரீரங்கம் போய்வந்து உறவினர்களுக்குத் துணிமணி எடுத்துக்கொடுக்கும் செலவுதான்.

எங்களுக்குப் பனி கிடைத்ததே அதிர்ஷ்டம் என்றார் பயிற்சியாளர். அந்தக் குளிர்காலத்தில் டிசம்பரும் ஜனவரியும் ஏறக்குறைய வறண்டே கழிந்திருந்தன. ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும்தான் பெய்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்குக் காற்றோடு வரும் மழை மேகங்கள்தான் இமயத்துக்குக் குளிர்காலப் பனியைக் கொடுக்கின்றன. நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, இவர்களுக்கு அது. பொய்த்தால் சறுக்க வருகிறவர்கள் வரமாட்டார்கள் என்பது மட்டுமில்லை. ஆப்பிள் மரத்துக்குக் குளிர் போதாது, கோதுமை வயலுக்கு ஈரம் போதாது, கோடையில் ஊற்று வற்றும். 2011ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தபோது ஆலியில் செயற்கைப் பனி இயந்திரங்களையும் அதற்கு நீர் கொடுக்க ஓர் ஏரியையும் ஏற்பாடு செய்தார்கள். நீரைக் காற்றோடு சேர்த்துத் துளித்துளியாகப் பீய்ச்சினால் உறைந்து விழும். ஆனால் அதற்கும் வெளியே கடுங்குளிர் வேண்டும். குளிரே குறையும்போது இயந்திரம் என்ன செய்யும்? பனி போதாமல் போட்டிகள் தள்ளிப்போன வருடங்கள் இங்கே உண்டு.

நாங்கள் மேலே விழுந்து எழுந்துகொண்டிருந்தபோது அம்மா கீழே நரசிம்மர் கோயிலில் இருந்தார். குளிர்காலத்தில் பத்ரிநாத் கோயில் மூடியிருக்கும் மாதங்களில் பத்ரிநாதருக்கு வழிபாடு நடப்பது இங்கேதான். இந்த நரசிம்மரின் ஒரு கை மெலிந்துகொண்டே வருகிறது, அது ஒடியும் நாளில் மலைகள் சரிந்து பத்ரிநாத்துக்கு வழி அடைபடும் என்பது ஊர் நம்பிக்கை. அதற்குப் பிறகு வணங்குவதற்காக பவிஷ்ய பத்ரி என்ற கோயிலையும் பக்கத்திலேயே முன்கூட்டி வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கையை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாலும் அதே எச்சரிக்கைதான். 1976ல் கார்வால் கமிஷனர் எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு, ஜோஷிமட் பாறை மேல் நிற்கவில்லை, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மணலும் கல்லும் கலந்த மேட்டின் மேல் நிற்கிறது என்று சொன்னது. பெரிய கட்டடங்கள் கூடாது, சரிவில் பாறைகளை வெடிவைத்துப் பெயர்க்கக் கூடாது, மரம் நட வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் இங்கே பல மாடி ஹோட்டல்கள் எழுந்தன. கழிவுநீருக்கு ஒழுங்கான வடிகால் இல்லாமல் உறிஞ்சு குழிகள் வழியே மண்ணுக்குள்ளேயே இறங்கியது. பக்கத்தில் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்தார்கள். ஊர் இறங்கியதற்கு அந்தச் சுரங்கமே காரணம் என்று மக்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 1974ல் மரங்களை வெட்ட விடாமல் கௌரா தேவியும் மற்ற பெண்களும் காத்த ரேணி கிராமம் இங்கிருந்து தொலைவில் இல்லை. 2021 பிப்ரவரி 7 அன்று வந்த வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் பாய்ந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

கோயில் மண்டபத்தில் அம்மாவுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தார். கிட்டத்தட்ட அவர் வயதுதான். அம்மாவின் ஹிந்தி, தில்லிக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவு. அந்த அம்மாளின் ஹிந்தியில் பாதி கார்வாலி. எப்படிப் பேசிக்கொண்டார்களோ தெரியாது. மூன்றாம் நாள் அவர் வீட்டையே பார்த்துவிட்டு வந்திருந்தார் அம்மா. வாசலிலிருந்து சமையலறை வரை தரையில் ஒரு விரிசல், உள்ளங்கை அகலத்துக்கு. மகன் குடும்பம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டது. இவர் மட்டும் பகலில் வந்து மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு, இருட்டுவதற்குள் போகிறார்.

அன்று ராத்திரி ரஜாய்க்குள் சுருண்டு படுத்தபடி அம்மா சொன்னார்: "பணத்தை எண்ணி வாங்கிண்டு, கையெழுத்துப் போட்டுட்டு வந்த எனக்கே இன்னும் ராத்திரி எழுந்தா அந்த வீட்டுக் கொல்லைக்கதவுதான் ஞாபகம் வரது. தரை பிளந்து போறவாளுக்கு எப்படிடி இருக்கும்?" வீட்டை விற்ற பிறகு அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நாங்கள் யாரும் கேட்டதில்லை. தில்லியில் ஒரு அறை கொடுத்தோம், டி.வி. வாங்கி வைத்தோம், சரியாகிவிட்டது என்று இருந்தோம். அன்று வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் எந்தப் பக்கம் பாசி பிடிக்கும் என்பது வரை.

என் கணவரின் கேள்வியை மறுநாள் பயிற்சியாளரிடமே கேட்டேன். இருபத்தைந்து வயது இருக்கும். எல்லைக் காவல் படையில் இருந்த மாமாவிடம் சறுக்கக் கற்றவர். அவர் வீட்டிலும் சிவப்புக் குறி. பெற்றோரைக் கீழே பீப்பல்கோட்டியில் வாடகை அறையில் வைத்துவிட்டு, சீசனில் மட்டும் இங்கே நண்பர்களோடு தங்குகிறார். "நீங்கள் வராவிட்டால் மலை நின்றுவிடுமா மேடம்?" என்றார். "போன வருஷம் யாரும் வரவில்லை. விரிசல் மூடிவிட்டதா? நாங்கள்தான் கடன் வாங்கினோம்." கொஞ்சம் நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் பால்கனி வைத்த அறை, இருபத்து நாலு மணி நேரம் வெந்நீர், ஜன்னலைத் திறந்தால் நந்தாதேவி வேண்டும். அதனால்தான் நாலு மாடி கட்டினார்கள்."

இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். வருகிறவர்களின் பணத்தில்தான் இந்த ஊர் வாழ்கிறது. வருகிறவர்களின் பாரமும் இந்த மண்ணின் மேல்தான் இறங்குகிறது. போகாமல் இருப்பது நம் மனசாட்சிக்குச் சௌகரியம். சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிறவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. எத்தனை பேர் வரலாம், எத்தனை மாடி கட்டலாம், கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டாக வேண்டும். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு குழு அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்திருக்கிறது. நம்மால் முடிந்தது சின்னது: பெரிய ஹோட்டலைத் தவிர்த்து ஒரு வீட்டு அறையில் தங்கலாம், உள்ளூர்ப் பையனிடம் கற்கலாம், ஒரு வாளி வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளலாம். நாங்கள் அதைச் செய்தோம். அதனால் ஊர் பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசி நாள் காலை, மகள் நாற்காலி லிஃப்டில் மேலே போய் முழுச் சரிவையும் விழாமல் இறங்கி வந்தாள். அம்மா ஜீப்பில் வந்து, இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, மேலே என் கணவரின் கோட்டு, தலையில் மஃப்ளர் சகிதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். காலை ஈரமான பனியில் வைக்காதே, ஜலதோஷம் பிடிக்கும் என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். சுற்றிலும் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது.

சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும்போது மகன் பயிற்சியாளரிடம், "அடுத்த வருஷமும் நீங்கள்தான் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டான். அவர் அவனுடைய பூட்ஸ் கொக்கியைக் கழற்றிக்கொண்டே, "பனி பெய்தால் இருப்பேன்" என்றார். பிறகு அடுத்த ஆளின் கால் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளப் போனார்.